ஒரு கையெழுத்துக்காக வந்து போகவும்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை பணிவுடன் எழுதிக்கொள்வது. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், என் பட்டப்படிப்புப் பொருளாதாரப் புத்தகங்கள் இரண்டைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, கூடத்துச் சோபாவின் உடைந்த கால் இருந்த இடத்தில் முட்டுக் கொடுத்தேன். சோபா ஆடாமல் நின்றது. நான் பொருளாதாரம் படித்ததால் இந்த வீட்டுக்குக் கண்கூடாகக் கிடைத்த முதல் ஆதரவு இதுதான் என்று சொல்லிவிட்டு இவர் வேலைக்குப் போனார். மற்றபடி இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும், அண்ணியும், தங்கள் ஹார்ட்வேர் கடையும், கடையிலுள்ள ஆணி, திருகாணி, தாழ்ப்பாள் வகைகளும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

காரணம் இல்லாமல் கடிதம் எழுதுகிறவள் இல்லை நான் என்பது தாங்கள் அறிந்ததே. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கள் மருமகளுக்கு அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. செலவில் ஒரு பங்குக்குக் கல்லூரி அறக்கட்டளையின் உதவித்தொகை, மீதிக்கு வங்கியின் கல்விக்கடன், கைச்செலவுக்கு அங்கேயே நூலகத்தில் மாலை நேரம் புத்தகம் அடுக்கும் வேலை என்று அவள் படிப்பு மூன்று காலில் நிற்கிறது. இதில் கடன் என்கிற காலுக்கு எங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாவிட்டால் கடன் இல்லை, கடன் இல்லாவிட்டால் இடம் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தங்கள் கடைக்கு வார விடுமுறை. அன்று புறப்பட்டு வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் தாங்கள் "என்ன விஷயம்" என்று ஆரம்பித்து "சரி, வெச்சிடறேன்" என்று முடிப்பதற்குள் எனக்கு மூச்சு விடத்தான் நேரம் இருக்கிறது. தாங்கள், தாங்கள் என்று எழுதி எழுதி யாரோ மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்பதுபோல் வேறு இருக்கிறது. இனி நீ.

என்ன படிப்பு என்று கேட்பாய். ஆறுகளைப் பற்றிய படிப்பு. மழை எங்கே விழுகிறது, விழுந்தது எந்தப் பக்கம் ஓடுகிறது, ஓடியது ஏன் நடுவில் வழி மாறுகிறது என்று வருடக்கணக்கில் படிப்பார்களாம். உன் மாப்பிள்ளை லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அவருக்கு மேலே போவதும் கீழே வருவதும் புரியும், வளைந்து போவது புரியாது. "தண்ணியப் பத்தித்தான் படிக்கணும்னா உங்க மாமா கடையில சேர்ந்துடேன். குழாய் இருக்கு, வால்வு இருக்கு, சம்பளமும் குடுப்பாரு" என்றார். "மாமா கடையில தண்ணிய நிறுத்துறதுக்குத்தான்ப்பா எல்லாம் வெச்சிருக்காரு. நான் ஓடுறதைப் படிக்கணும்" என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வருகிறவர்களை உட்கார வைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா இருந்துச்சா" என்று கேட்கிற பிழைப்பு என்னுடையது. அப்படிப்பட்டவளிடம் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றாது. கேட்டிருந்தால் முன்னாடி இருந்ததுதான் என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டதே நல்லது.

உதவித்தொகைக்கும் கடனுக்கும் வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள், அதுவும் ஒரே நாளில், காலையில் அறக்கட்டளை, பிற்பகலில் வங்கி என்று தெரிந்ததும் இவர் மாடிக்குப் போய் விண்ணப்ப சாரைக் கூட்டிவந்துவிட்டார். விண்ணப்ப சார் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மூன்று மகன்களை மூன்று விதமான கடனில் படிக்க வைத்தவர். இந்தக் கட்டடத்தில் குடிநீர் இணைப்பில் ஆரம்பித்து மணமுறிவு வரைக்கும் யாருடைய விண்ணப்பமும் அவர் கை படாமல் போனதில்லை. அவர் கூடத்தின் நடுவில் நின்று நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, "உதவித்தொகைக்காரங்க வந்தா வீடு அழணும். பேங்க்காரங்க வந்தா வீடு சிரிக்கணும். உங்க வீடு ரெண்டும் இல்லாம சும்மா உக்காந்திருக்கு" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நாங்கள் இருபது வருடமாகப் பாடுபட்டு அடைந்த நிலைமை அதுதான்.

அன்று மாலையே வீட்டை அழவைக்கும் வேலை தொடங்கியது. திரைச்சீலைகள் கழன்றன. மிக்ஸி கட்டிலுக்கு அடியில் போனது. சுவரில் இருந்த படத்தை இறக்கினால் அது இருந்த இடம் மட்டும் சதுரமாகப் புதுச் சுண்ணாம்பு அடித்ததுபோல் பளிச்சென்று சிரித்தது, அதை மறைக்க அதே படத்தை மறுபடியும் மாட்டினோம். கூடத்து பல்புகளில் ஒன்றைக் கழற்றச் சொன்னார் சார். இவர் கழற்றிவிட்டு, இருட்டில் சாரின் காலையே மிதித்தார். கடைசியாகச் சோபா. அப்பா வீட்டுச் சோபாவை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் வீட்டு வாசலில் நுழையாததால்தானே என்னிடம் வந்தது. "இது ஒண்ணே போதும்மா, உங்க உதவித்தொகைய முழுங்குறதுக்கு. இதுல உக்காந்துக்கிட்டு கஷ்டம்னு சொன்னா யாரு நம்புவாங்க" என்றார் சார். கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லர் அக்கா ஒருநாள் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னதால், இவரும் சாரும் அதைப் படியில் இறக்கிக்கொண்டு போனார்கள். ஊர் முழுக்க லிஃப்ட் ஓட வைக்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பதைச் சார் ஒவ்வொரு படியிலும் இவருக்கு நினைவூட்டினார். உன் மருமகள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நம்ம வீடு எப்படி இருக்கோ அப்படியே இருந்தா பத்தாதாப்பா? பொய் சொல்லியா வாங்கணும்?" என்றாள். "பொய் யாரும்மா சொல்றா? சோபாவப் பத்தி யாரும் வாயே தொறக்கப் போறதில்ல" என்று கீழேயிருந்து சாரின் குரல் வந்தது.

சோபா போன கூடத்தில் நான் சிறிது நேரம் நின்றேன். இவ்வளவு பெரிய கூடமா நம்முடையது என்று இருந்தது. "விளக்கைப் போடு" என்று சொன்னால் அது சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. வரப்போகிற ஏதோ ஒன்றுக்கு ஒத்திகை பார்க்கிற மாதிரி இருக்கவே, சமையலறை ஸ்டூலைத் தூக்கி வந்து நடுவில் போட்டேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் அறக்கட்டளையிலிருந்து வந்தவர் என் வயதுக்காரப் பெண்மணி. ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு, மூக்கில் நழுவுகிற கண்ணாடியைப் புறங்கையால் தள்ளித் தள்ளி எழுதினார். வீட்டு வாடகை, இவர் சம்பளம், என் சம்பளம், யாருக்காவது தீராத நோய் உண்டா என்றெல்லாம் கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். "குடும்பத்துல எத்தனை பேருங்க?" மூன்று பேர் என்றேன். "பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயிட்டா வீட்டுல எத்தனை பேர் இருப்பீங்க?" அதுவும் படிவத்தில் இருக்கிற கேள்விதான் அண்ணா, அவர் ஒன்றும் மனதில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. மூன்றில் ஒன்று போனால் எத்தனை என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதும் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடி நழுவியது. நான் எழுந்துபோய் அந்தக் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, காதுக்குப் பின்னால் வருகிற வளைவை விரலால் அழுத்தி, துடைத்து, திரும்பவும் மாட்டிவிட்டேன். தொழில் பழக்கம். அதற்குள் "ரெண்டு பேருங்க" என்று என் பின்னாலிருந்து உன் மருமகளே சொல்லிவிட்டாள். வாசலில் நின்று கவனித்த விண்ணப்ப சார் பிற்பாடு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணாடியச் சரி பண்ணிக் குடுத்தது லஞ்சக் கணக்குல வரும், ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் வங்கியிலிருந்து வருகிறவர் இவருக்குப் போன் செய்து, பக்கத்துத் தெருவில் ஒரு வேலையாக வந்திருக்கிறேன், பிற்பகல் எதற்கு, இப்போதே வந்துவிடுகிறேன் என்றார். உள்ளே வீடு அழுதுகொண்டிருக்கிறது, கீழே சிரிக்க வேண்டிய சோபா டெய்லர் அக்காவின் வாடிக்கைக்காரர்களைச் சுமந்துகொண்டிருக்கிறது. சார் புருவத்தால் இவருக்கு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் காணாமல் போனார்கள். அறக்கட்டளை அம்மா கிளம்புகிற வரைக்கும் சோபாவைப் படியில் மறைத்து வைத்திருந்து, அவர் இறங்கிப் போனதும் உள்ளே கொண்டுவந்துவிடுவது என்பது திட்டமாம். அவர் இறங்குவதற்கும் அதே படிதான் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சோபா படி திரும்புகிற இடத்தில் மாட்டிக்கொண்டது.

நாங்கள் கதவைத் திறந்தபோது கேட்டது இது. "தூக்குங்க சார்." "நான் தூக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்கதான் எறக்குறீங்க." "நான் எறக்கல சார், அதுவா எறங்குது." மேலே படிவமும் கையுமாக அறக்கட்டளை அம்மா. சோபாவுக்குக் கீழே, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு இளைஞர், அண்ணாந்து பார்த்தபடி. "சார், இது யாரோட சோபா? நான் மேல போகணும்" என்றார். அவர்தான் வங்கிக்காரர் என்று தெரிந்துகொண்ட இவர், "எங்களுதுதான் சார்" என்று பெருமையாகச் சொன்னார். அதே நொடியில் மேலே நின்ற அம்மாவைப் பார்த்துவிட்ட விண்ணப்ப சார், "டெய்லர் கடையோடது" என்றார். கீழேயிருந்து டெய்லர் அக்கா, "அய்யய்யோ, எனக்கு வேணாம்ப்பா, கடையில நடக்க எடமில்ல" என்றார்.

உன் மருமகள் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்களுதுதான். நீங்க வர்றீங்கன்னு நேத்து கீழ எறக்குனோம்" என்று அந்த அம்மாவிடம் சொன்னாள். "நீங்க வர்றீங்கன்னு இப்ப மேல ஏத்துறோம்" என்று வங்கிக்காரரிடம் சொன்னாள். போச்சு, உதவித்தொகையும் போச்சு, கடனும் போச்சு என்று நினைத்தேன். நினைத்த கையோடு வேறு ஒன்றும் உள்ளே எழுந்தது. அது என்னவென்று எழுத மாட்டேன், நீ ஊகித்துக்கொள். அப்படியானால் அவள் இங்கேயே இருப்பாள் என்பது எத்தனை வேகமாக எனக்குத் தோன்றியது என்று நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அறக்கட்டளை அம்மா படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "வீட்டுல சோபா இருக்கான்னு எங்க படிவத்துல கேள்வியே இல்லீங்களே" என்றார். "எங்களுதுலயும் இல்லீங்க" என்றார் வங்கிக்காரர் கீழேயிருந்து. விண்ணப்ப சாரின் முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும். முப்பது வருடச் சேவை அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டது.

அதன்பிறகு வங்கிக்காரர் பையை இறக்கி வைத்துவிட்டுக் கீழிருந்து முட்டுக் கொடுத்தார், அந்த அம்மா மேலிருந்து, இப்போது நன்றாகத் தெரிகிற கண்ணாடி வழியாகப் பார்த்து, "கொஞ்சம் சாய்ங்க, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று வழி சொன்னார். சோபா கிளம்பியது. கிளம்பும்போது ஒரு கால் மட்டும் படியிலேயே இருந்துவிட்டது. கூடத்தில் போட்டதும் மரியாதைக்கு இரண்டு பேரையும் அதில் உட்காரச் சொன்னோம். அந்த அம்மா ஒரு ஓரம், வங்கிக்காரர் ஒரு ஓரம் உட்கார்ந்தார்கள். கால் இல்லாத பக்கமாக இரண்டு பேரும் மெல்ல மெல்லச் சரிந்து, தேநீர் வருவதற்குள் குழுப் புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர்கள்போல் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்கள். அந்த நிலையிலேயே வங்கிக்காரர் கேள்வி கேட்டார். "வெளியே ஜாமீன் போட யாராவது இருக்காங்களா? சொந்தமா இருந்தா நல்லது." இவர் யோசிக்கவே இல்லை. "என் மச்சான் இருக்காரு. கூப்பிட்டா வந்துடுவாரு." "அப்ப கூப்பிடுங்க" என்றார் அவர்.

கூப்பிட்டால் வந்துவிடுவார். அன்றிலிருந்து நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டில் யாரும் சும்மா யாரையும் பார்க்கப் போனதில்லை, கவனித்திருக்கிறாயா? நான் விடுதியில் இருந்தபோது அப்பா வந்ததெல்லாம் இப்படித்தான். ஒரு தடவை நான் மறந்துவிட்டு வந்த குடை என்று ஒரு குடை கொண்டுவந்தார். அது என் குடையே இல்லை, கடை விலைச்சீட்டு அதிலேயே தொங்கியது. இன்னொரு தடவை பெட்டிக்குப் பூட்டு. "இந்தப் பக்கம் ஒரு ஜோலியா வந்தேன்" என்பார். அந்தப் பக்கத்தில் எங்கள் கல்லூரியையும் ஒரு செங்கல் சூளையையும் தவிர எதுவும் கிடையாது. பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து பூட்டைத் திறந்து திறந்து மூடிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். நீ மட்டும் என்ன? கடைசியாக நீ இங்கே வந்தது எங்கள் குளியலறைக் குழாய் ஒழுகியபோது. வந்தாய், கழற்றினாய், புதிதாக மாட்டினாய், "இனி ஒழுகாது" என்றாய், போனாய். அண்ணா, அது இன்றுவரை ஒழுகவில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் அதுதான்.

உன் மருமகளும் நம் ரத்தம்தான். இந்த ஒரு வாரமாக நான் எங்கே இருந்தாலும் அங்கே வந்து, "அம்மா, கத்தரிக்கோல் எங்க இருக்கு?" என்கிறாள். மேஜைமேல் இருக்கிறது என்றால் சரி என்கிறாள். கதவில் சாய்ந்து நிற்கிறாள். நான் மடிக்கிற துணியில் ஒன்றை எடுத்துத் தப்பாக மடிக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்விடுகிறாள், கத்தரிக்கோலை எடுக்காமலே. அவள் அறையில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. பெட்டி இன்னும் காலியாகத்தான் திறந்து கிடக்கிறது. நானும் எதுவும் கேட்பதில்லை. மறுபடி வருவாளோ மாட்டாளோ என்று காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருக்கிறேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கே கிளம்பிவிடு. உன் அடையாள அட்டையையும் கடை உரிமத்தின் நகலையும் மறக்காதே, வங்கியில் கேட்பார்களாம். வரும்போது கடையிலிருந்து நீளமான திருகாணி நான்கு கொண்டுவா. சோபா மரம் பழசு, குட்டையானது பிடிக்காது. கையெழுத்து முடிந்ததும் உடனே கிளம்பாதே. இரண்டு வேளை இங்கே சாப்பிட வேண்டும், அதைவிடக் குறைவாக ஜாமீன்தாரரை அனுப்பினால் எங்களுக்குத்தான் கேவலம். உன் மருமகள் உன்னிடம் ஆறு ஏன் வளைகிறது என்று படம் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். உன் மாப்பிள்ளையிடம் காட்டிப் பார்த்தாள், அவர் அதில் எத்தனையாவது மாடி என்று கேட்டார். அண்ணிக்கு என் அன்பு. உன் கால்வலிக்கு என் கண்டிப்பு. பெரியவன் நீ, நீ சொல்ல வேண்டிய ஆசிகளை வந்து நேரில் சொல், தபாலில் வேண்டாம்.

என்றும் உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது வங்கிக்காரர் போன் செய்தார். "உதவித்தொகை நெனச்சதைவிடக் கூடவே குடுத்திருக்காங்கம்மா. அதனால கடன் தொகை கொறஞ்சிடுச்சு. இந்த அளவுக்கு வெளியாள் ஜாமீன் தேவையில்ல. நீங்களும் உங்க வீட்டுக்காரரும் போட்டாலே போதும். பாவம், உங்க அண்ணன அலைய விடாதீங்க" என்றார். நன்றி என்று சொன்னேன். பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டே சோபாவில் உட்கார்ந்திருந்தேன். புத்தகங்கள் நன்றாகத் தாங்குகின்றன.

ஆக, மேலே எழுதியது எதற்கும் அவசியம் இல்லை. நீ வர வேண்டியதில்லை. அவள் படிப்பு உன் கையெழுத்து இல்லாமலே மூன்று காலிலும் நின்றுகொண்டது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, கையில் உனக்கு எழுதிய கடிதம்தான் இருந்தது, அதனால் இதிலேயே எழுதுகிறேன். ஆனால் நீ இதைப் படிக்கப் போவதில்லை. என் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோட்டுக்கு மேலே இருப்பதை மட்டும் வெட்டி இன்றைய தபாலில் சேர்த்துவிடப் போகிறேன். இவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை, இவரிடம் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. விண்ணப்ப சாரிடம் சொல்லவே கூடாது. வெள்ளிக்கிழமை நீ பேனாவைத் திறந்துகொண்டு "எங்க போடணும்" என்று கேட்கும்போது என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதற்குள் உன் பையில் நான்கு திருகாணி இருக்கும், சோபாவைக் காட்டிவிடலாம். நீ அதை எவ்வளவு மெதுவாகச் சரிசெய்வாய் என்பது அப்புறம் உன் பாடு.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டும். அது இதோ, மேஜைமேல், என் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் எழுந்துபோய், அவள் அறை வாசலில் நின்று, கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று கேட்கப் போகிறேன்.